நியூபோர்ட் 1965: டிலனைப் பார்த்துக் கூச்சல் போட்டது எதற்காக?

பழையகேசட்:

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனைப் பற்றிய 'எ கம்ப்ளீட் அன்னோன்' படம் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

1965 ஜூலை 25, ஞாயிறு இரவு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் ஃபோக் (நாட்டுப்புற) இசை விழா. 24 வயது பாப் டிலன் கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, மின்கிட்டாரை மாட்டிக்கொண்டு, பின்னால் ஒரு பேண்டோடு மேடையேறுகிறார். கூட்டம் கொதிக்கிறது. ஒருவன் 'யூதாஸ்!' என்று கத்துகிறான். மூத்த ஃபோக் பாடகர் பீட் சீகர் கோடரியைப் பார்க்கிறார். படத்தில் வருவது இது. ராக் இசையின் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாருமே இந்த இரவைப் பெரிய திருப்பமாகச் சொல்கிறார்கள்.

நிஜத்தில் நடந்தது என்ன? ஒரு கிட்டாருக்கு மின்சாரம் கொடுத்ததற்காகவா அவ்வளவு பேர் கோபப்பட்டார்கள்? எனக்கு அது நம்பும்படியாக இல்லை.

---

நாலுகட்டை:

நல்ல கேள்வி சார். முதலில் படத்தையும் வரலாற்றையும் பிரித்துவிடுவோம்.

'யூதாஸ்' கூச்சல் நியூபோர்ட்டில் கேட்கவே இல்லை. அது 1966 மே 17 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்தது. பத்து மாதம் கழித்து, கடலுக்கு அந்தப் பக்கம். படத்தில் பாடகர் ஜானி கேஷ் 1965 விழாவில் டிலனுக்குத் தைரியம் சொல்வது போல வருகிறதே, அதுவும் அப்படியில்லை. கேஷ் நியூபோர்ட்டில் பாடியதும் டிலனுக்குத் தன் கிட்டாரைக் கொடுத்ததும் அதற்கு முந்தைய வருடம், 1964இல்.

சினிமா என்றால் சுருக்கத்தான் செய்வார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தச் சுருக்கத்தில் முக்கியமான ஒன்று தொலைந்துவிட்டது. மான்செஸ்டரில் கூச்சல் போட்டவர்கள் என்ன கேட்கப்போகிறோம் என்று தெரிந்தே டிக்கெட் வாங்கி வந்தவர்கள். முதல் பாதியில் டிலன் தனியாக வாசிப்பார், இரண்டாம் பாதியில் பேண்டோடு வருவார் என்று பத்திரிகைகளில் வந்தாயிற்று. எதிர்ப்பைக் காட்டுவதற்கென்றே வந்தவர்களும் அதில் உண்டு. நியூபோர்ட்டில் அப்படி யாரும் தயாராகி வரவில்லை. முதல் பாட்டின் முதல் அடி விழும்வரை பெரும்பாலானவர்களுக்கு எதுவும் தெரியாது. இரண்டும் இரண்டு வேறு கோபங்கள்.

---

செந்தூரம்:

அப்படியானால் நியூபோர்ட்டில் எதிர்ப்பே இல்லை என்கிறீர்களா? நேரில் இருந்தவர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்களே.

---

நாலுகட்டை:

எதிர்ப்பு இருந்தது. பதிவில் காதால் கேட்கலாம். எதற்கு எதிர்ப்பு என்பதில்தான் சண்டையே.

அன்றிரவு மின்கிட்டாரோடு வாசித்தது மொத்தம் மூன்று பாட்டு. 'மேகீஸ் ஃபார்ம்', 'லைக் எ ரோலிங் ஸ்டோன்', அப்புறம் அப்போது 'ஃபேன்டம் இன்ஜினியர்' என்ற பெயரில் இருந்த ஒரு பாட்டு. மூன்று முடிந்ததும் 'அவ்வளவுதான்' என்று டிலன் இறங்கிப் போய்விட்டார். மொத்தமே கால் மணி நேரம்தான் இருக்கும். கூச்சல் உச்சத்துக்குப் போனது அந்த இடத்தில்தான். அதில் 'போ' என்கிற குரலும் இருக்கிறது, 'இன்னும் பாடு' என்கிற குரலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

அன்று டிலனோடு வாசித்த ஆல் கூப்பர் பிறகு சொல்லிவந்த விளக்கம் இது: இவரைக் கேட்பதற்காகவே எங்கெங்கிருந்தோ வந்த கூட்டம், கால் மணி நேரத்தில் ஆள் இறங்கிவிட்டால் கத்தாமல் என்ன செய்யும்? அன்று மேடையை நடத்திய பாடகர் பீட்டர் யாரோ (Yarrow), டிலனை அறிமுகப்படுத்தும்போதே அவருக்கு நேரம் குறைவு என்று சொல்லித்தான் அழைத்தார். கூட்டம் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

---

ஒலிமேடை:

மெல்லிசைக் கச்சேரிகளுக்கு சவுண்ட் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த விவாதத்தில் எல்லாரும் மேலோட்டமாகத் தாண்டிப்போகிற இடம் இதுதான்.

நியூபோர்ட்டின் சவுண்ட் ஏற்பாடு ஒரு குரல், ஒரு கிட்டார் அல்லது பான்ஜோ என்ற கணக்கில் போட்டது. டிலன் கொண்டுவந்ததோ முழு பேண்ட். மின்கிட்டாருக்கும் பேஸ் கிட்டாருக்கும் மேடையிலேயே தனி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அந்த ஒலி மைக்குக்குப் போகாமலே நேராக முன்வரிசைக்கு வந்து அடிக்கும். டிரம்ஸும் அப்படித்தான். பாடுகிறவரின் குரலுக்கு மட்டும் அந்த வசதி இல்லை. அது மைக்கில் ஏறி, மிக்ஸரைத் தாண்டி, ஓரத்தில் இருக்கிற ஒலிபெருக்கி வழியாகத்தான் வந்தாக வேண்டும். கல்யாண வீட்டில் மேளக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மைக்கில் யாரோ வாழ்த்துரை வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அந்த நிலைமைதான். பின்னால் தள்ளி இருந்தவர்களுக்குக் குரல் கொஞ்சம் தெளிவாகக் கேட்டிருக்கும். நேரில் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்த இடம் வேறு, கேட்டதும் வேறு.

இன்னொன்று. பாடுகிறவருக்குத் தன் குரல் காதில் விழுவதற்காக இன்று மேடையில் வைக்கிறோமே, மானிட்டர், அது அந்தக் காலத்தில் வழக்கத்திலேயே இல்லை. பின்னால் கிட்டாரிஸ்ட் மைக் ப்ளூம்ஃபீல்ட் தன் டெலிகாஸ்டர் மின்கிட்டாரை முழு வேகத்தில் வாசிக்கிறார். அந்தச் சத்தத்தில் டிலன் கிட்டத்தட்டக் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் பாடியிருக்கிறார்.

பேண்டும் பழகிய பேண்ட் இல்லை. சாம் லே டிரம்ஸ், ஜெரோம் ஆர்னால்ட் பேஸ். இருவரும் பால் பட்டர்ஃபீல்டின் ப்ளூஸ் குழுவில் இருந்தவர்கள், அதற்கு முன் சிகாகோவில் ப்ளூஸ் பாடகர் ஹவுலின் வுல்ஃபிடம் வாசித்தவர்கள். ப்ளூஸில் கில்லாடிகள். ஆனால் டிலனின் பாட்டு போகிற தடம் வேறு. ஒத்திகை என்று இருந்தது முந்தின நாள் சனிக்கிழமை ராத்திரி மட்டும். 'மேகீஸ் ஃபார்ம்' வாசிக்கும்போது தாளம் ஓர் இடத்தில் புரண்டு, அடி விழ வேண்டிய இடம் மாறிவிட்டது என்று கூப்பரே சொல்லியிருக்கிறார்.

இப்போது நாம் கேட்கிற பதிவில் டிலன் குரல் கணீரென்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கத்தான் செய்யும். பதிவுக்குக் குரல் நேரே மைக்கிலிருந்து போகிறது. புல்தரையில் உட்கார்ந்திருந்தவர் காதுக்கு என்ன வந்தது என்பதற்கு அது சாட்சியாகாது.

---

கரிசல்காடு:

ஒலிமேடை, எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எல்லாவற்றையும் சவுண்ட்காரர் தலையில் கட்டிவிட்டால் அந்த மக்களின் மனக்காயம் காணாமல் போய்விடுகிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இரண்டு வருடம் பின்னால் போங்கள். 1963 ஜூலை தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட்டில், கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் இயக்கம் நடத்திய கூட்டம். பருத்திக்காட்டுப் பக்கம். அங்கே போய்ப் பாடியவர்களில் பீட் சீகர் இருந்தார், தியடோர் பைக்கல் இருந்தார், டிலனும் இருந்தார். உயிருக்கு உத்தரவாதமில்லாத ஊர் அது. அதே மாதக் கடைசியில் நியூபோர்ட் விழா. மேடையில் டிலன், ஜோன் பயஸ், சீகர், ஃப்ரீடம் சிங்கர்ஸ் எல்லாரும் கைகோத்து நின்று பாடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு டிலன் வெறும் பாடகர் இல்லை, எங்களுக்காகப் பேச ஒருவன் வந்துவிட்டான் என்று நம்பினார்கள்.

1964 கடைசியில் 'சிங் அவுட்!' என்ற ஃபோக் இசைப் பத்திரிகையின் ஆசிரியர் இர்வின் சில்பர் டிலனுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார். உன் பாட்டு இப்போது உனக்குள்ளேயே திரும்பிவிட்டது, எங்களை விட்டு விலகிப் போகிறாய் என்ற வருத்தம் அதில் இருக்கிறது. அதாவது மின்கிட்டார் வருவதற்கு முன்பே விரிசல் விழுந்துவிட்டது.

1965 ஜூலை என்ன மாதம் என்றும் பாருங்கள். விழா முடிந்த மூன்றாம் நாள், ஜூலை 28, வியட்நாமில் இருக்கும் படையை 75,000இலிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக அதிபர் ஜான்சன் அறிவித்தார். கூட்டத்தில் இருந்த எத்தனையோ இளைஞர்கள் கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்படும் வயதில் இருந்தவர்கள். அந்த நேரத்தில் தங்கள் ஆள் என்று நினைத்தவர், சொல் ஒன்றுகூடப் புரியாத சத்தத்தோடு வந்து நின்றால் வலிக்காதா? அந்த வலியை 'பழமைவாதிகள்' என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது நியாயமில்லை.

---

நாலுகட்டை:

கரிசல், வலி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'எதிர்பாராத துரோகம்' என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அந்த மார்ச்சிலேயே வந்த டிலனின் இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க பேண்டோடுதான். ஜூனில் அவருடைய 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டை பேர்ட்ஸ் குழு மின்கிட்டாரோடு பாடி அமெரிக்காவில் முதலிடத்துக்கே கொண்டுபோய்விட்டது. 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' விழாவுக்கு ஐந்து நாள் முன்பு, ஜூலை 20 அன்று வெளியானது. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு, மூன்று நிமிடப் பாட்டு போட்டே பழகிய வானொலிகள் திணறிய காலம் அது. கடைசியில் இரண்டாம் இடம்வரை ஏறியது. ரேடியோ வைத்திருந்த யாருக்கும் டிலன் எந்தப் பக்கம் போகிறார் என்று தெரிந்திருக்கும்.

அந்த விழாவிலேயே மின்கிட்டார் புதிது கிடையாது. பட்டர்ஃபீல்ட் குழு வாசித்தது, சேம்பர்ஸ் பிரதர்ஸ் வாசித்தார்கள். அவர்களைப் பார்த்து யாரும் கூச்சல் போடவில்லை. சனிக்கிழமை பட்டர்ஃபீல்ட் குழுவை நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அறிமுகப்படுத்திய விதம் மட்டமாக இருந்தது என்று, அவர்கள் பக்கம் நின்ற ஆல்பர்ட் கிராஸ்மனுக்குக் கோபம் வந்து, இரண்டு பெரிய மனிதர்களும் மண்ணில் கட்டிப் புரண்டார்கள். கிராஸ்மன்தான் டிலனின் மேனேஜரும். பேண்டோடு மேடையேறுவது என்று டிலன் முடிவெடுத்தது அதற்கு அப்புறம்தான் என்று அங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

---

பழையகேசட்:

கோடரிக் கதை? அது உண்மையா?

---

ஒலிமேடை:

கோடரியைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடவில்லை. சீகர் பின்னாளில் பலமுறை விளக்கியிருக்கிறார். 'மேகீஸ் ஃபார்ம்' அருமையான பாட்டு, ஒலி உடைந்துபோய் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை, சரிசெய்யச் சொன்னேன், இப்படித்தான் வேண்டுமாம் என்று பதில் வந்தது, கோடரி இருந்தால் இந்த வயரை வெட்டிவிடுவேன் என்று கத்தினேன் - அவர் சொன்னதன் சாரம் இது. மின்கிட்டார் மேல் தனக்குக் கோபமில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்.

மிக்ஸர் மேசைப் பக்கத்திலிருந்து இன்னொரு கணக்கு உண்டு. அன்று மேடை நிர்வாகத்தைப் பார்த்த ஜோ பாய்ட் எழுதியிருக்கிறார். மேடைக்குப் பின்னாலிருந்த சீகர், லோமாக்ஸ், பைக்கல் மூவரும் ஒலியைக் குறைக்கச் சொல்லி அவரை அனுப்புகிறார்கள். வேலியைத் தாண்டிப் போனால் மிக்ஸரில் பால் ராத்சைல்ட், கூடவே கிராஸ்மனும் பீட்டர் யாரோவும். பீட்டர் யாரோ விழாக் குழுவிலும் ஒருவர். குழுவின் சார்பில் இங்கே ஆள் இருக்கிறது, ஒலி சரியாகத்தான் இருக்கிறது என்று போய்ச் சொல் என்று திருப்பி அனுப்பிவிட்டார். பாய்ட் திரும்பி வந்தபோது சீகர் அங்கே இல்லை.

இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: அது தற்செயலாக ஏறிய ஒலி இல்லை. மாலையில் சவுண்ட் செக் நடந்திருக்கிறது. மிக்ஸரில் இருந்தவர் கைதேர்ந்த ரெக்கார்டிங் தயாரிப்பாளர். வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். அந்த மேடையின் வசதியால் அதைத் தாங்க முடியவில்லை, அதுதான் நடந்தது.

---

கரிசல்காடு:

சீகரைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அவரைக் கோடரிக் கிழவராகவே நினைவு வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அப்போது அவருக்கு 46 வயது. 1955இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்கு முன்னால் நின்று, நான் எங்கே பாடினேன், யாரோடு சேர்ந்தேன் என்று கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்றவர். அதற்காக 1961இல் தண்டனை, 1962இல் மேல்முறையீட்டில் ரத்து. பெரிய தொலைக்காட்சிகள் அவரை 1967வரை உள்ளே விடவில்லை. சொல் கேட்க வேண்டும் என்பது அவருக்கு ரசனைப் பிரச்சினை இல்லை. அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் அதுதான். கூட்டத்தோடு சேர்ந்து பாடுவதே வாழ்க்கை என்று இருந்தவர், கூட்டத்துக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை என்றதும் பதறினார். அந்தப் பதற்றத்தில் எனக்குத் தெரிவது அன்புதான்.

---

செந்தூரம்:

இவ்வளவு பேசியும் அன்றிரவின் கடைசிப் பத்து நிமிடத்தை யாரும் தொடவில்லையே. எனக்கு அதுதான் முக்கியம்.

டிலன் இறங்கியதும் பீட்டர் யாரோ மைக்கைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறார். வருவார், கிட்டார் எடுக்கப் போயிருக்கிறார் என்று கூட்டத்தைச் சமாதானப்படுத்துகிறார். டிலன் சாதாரண கிட்டாரோடு தனியாகத் திரும்பி வருகிறார். 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட வேண்டும், சுருதிக்கு ஏற்ற மவுத் ஆர்கன் கையில் இல்லை. யாரிடமாவது ஈ (E) சுருதி மவுத் ஆர்கன் இருக்கிறதா, இருந்தால் தூக்கிப் போடுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறார். இருட்டிலிருந்து மவுத் ஆர்கன்கள் வந்து மேடைப் பலகையில் விழுகிற சத்தம் பதிவில் கேட்கிறது. டிலன் நன்றி சொல்லிக் குனிந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறார்.

சட்டைப்பையில் மவுத் ஆர்கன் வைத்துக்கொண்டு கச்சேரி கேட்க வந்த கூட்டம் அது! பாதிப்பேர் வாசிக்கத் தெரிந்தவர்கள். சற்று முன் கத்தியவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம், கேட்டதும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இந்தக் காட்சியை வைத்துக்கொண்டு 'வெறுத்துத் துரத்திய கூட்டம்' என்று யாராவது எழுதினால் என்னால் நம்ப முடியாது.

அடுத்து 'இட்ஸ் ஆல் ஓவர் நவ், பேபி ப்ளூ'. எல்லாம் முடிந்தது என்று சொல்கிற பாட்டை எடுத்துக் கடைசியாகப் பாடிவிட்டுப் போய்விட்டார். அதற்குக் கைதட்டல் அள்ளியது.

---

கரிசல்காடு:

செந்தூரம், நீங்கள் சொன்ன காட்சி அருமை. ஆனால் அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததே விடைபெறுவதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெறும் சவுண்ட் பிரச்சினை என்றால் அடுத்த வருடமே வந்து சரியாக வாசித்திருக்கலாமே? அவர் நியூபோர்ட் மேடைக்குத் திரும்பியது 2002இல். 37 வருடம். அன்றைக்கும் விக் வைத்து, ஒட்டுத்தாடி மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

---

நாலுகட்டை:

37 வருடக் கணக்கில் ஒரு திருத்தம். 1966 ஜூலை 29 அன்று டிலனுக்கு மோட்டார் சைக்கிள் விபத்து. அதற்குப் பிறகு 1974வரை அவர் கச்சேரிப் பயணமே போகவில்லை. நியூபோர்ட் ஃபோக் விழாவும் 1969க்குப் பிறகு நின்றுபோய் 1985இல்தான் மறுபடி தொடங்கியது. திரும்ப நினைத்தாலும் பல வருடம் அந்த மேடையே கிடையாது.

ஆனால் மனதளவில் அவர் கிளம்பிவிட்டார் என்பதில் உங்கள் பக்கம்தான் நானும். விழா முடிந்த நாலாம் நாள், ஜூலை 29, நியூயார்க் ஸ்டுடியோவில் 'பாசிட்டிவ்லி ஃபோர்த் ஸ்ட்ரீட்' பதிவாகிறது. பழைய நட்பு வட்டத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பாடுகிற பாட்டு. யாரை நினைத்து எழுதினார் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், எனக்கு அதில் போக விருப்பமில்லை. தேதியே போதும்.

ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் டென்னிஸ் அரங்கில் கூச்சல் இன்னும் கடுமை. அங்கே கூட்டம் அடங்கும்வரை ஒரு பாட்டின் முன்னிசையையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் காத்திருந்தார் டிலன். கூச்சல் போட்ட அதே கூட்டம் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' வந்தபோது சேர்ந்து பாடியது. அந்த மேடையில் டிரம்ஸ் வாசித்த லெவான் ஹெல்ம், ஊர் ஊராக இந்தக் கூச்சலைக் கேட்டு மனம் வெறுத்து நவம்பரில் விலகிப் போய்விட்டார். மான்செஸ்டரில் வாசித்தது மிக்கி ஜோன்ஸ்.

---

பழையகேசட்:

எல்லாருக்கும் நன்றி. அந்தக் கிட்டார் என்ன ஆனது? படத்தில் வருகிற அதே மாதிரியா? அப்புறம், இதையெல்லாம் காதால் கேட்க எங்கிருந்து தொடங்கலாம்?

---

ஒலிமேடை:

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சன்பர்ஸ்ட் நிறம். டிலன் போன ஒரு தனி விமானத்தில் விட்டுவிட்டுப் போக, அந்த விமானியின் வீட்டில் பல பத்தாண்டு கிடந்தது. 2013 டிசம்பரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,65,000 டாலருக்குப் போனது.

கேட்பதற்கு: மர்ரி லெர்னர் நியூபோர்ட்டில் எடுத்த டிலன் காட்சிகள் தனிப்படமாக 2007இல் வந்தன. 1963, 64, 65 என்று வரிசையாகப் பாருங்கள். கரிசல் சொன்ன கைகோத்த காட்சியிலிருந்து ப்ளூம்ஃபீல்ட்வரை ஒரே மூச்சில் புரியும். 65 பகுதியை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், பாட்டுகளுக்கு நடுவில் வருகிற கூட்டத்தின் சத்தத்தைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம் மான்செஸ்டர். 1998இல் அதிகாரபூர்வமாக வெளியான இரட்டை சிடி. அட்டையில் 'ராயல் ஆல்பர்ட் ஹால்' என்று மேற்கோள் குறிக்குள் இருக்கும். திருட்டுப் பதிவாகச் சுற்றிய காலத்தில் அந்தப் பெயரில்தான் அறியப்பட்டது, அதனால் அப்படியே விட்டார்கள். இரண்டாம் தட்டின் கடைசிப் பாட்டுக்கு முன்னால் அந்தக் கூச்சல் வரும். உன்னை நம்பவில்லை, நீ பொய் சொல்கிறாய் என்கிறார் டிலன். பேண்டின் பக்கம் திரும்பி இன்னும் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். மிக்கி ஜோன்ஸின் முதல் அடி விழுகிற இடத்தில் வால்யூமைக் குறைக்காமல் கேளுங்கள்.